தரையை அளந்து போட்ட கூரைக் கணக்கு

என் மனைவியின் தையல் அறைக்கு ஓடு மாற்றுவது என்று முடிவானபோது, எத்தனை ஓடு வேண்டும் என்கிற கணக்கை நானே போட்டுவிடுவதாகச் சொன்னேன். வீட்டில் நிறையப் புத்தகம் படித்தவன் நான்தான் என்பதைத் தவிர, அதற்கு எனக்கு வேறு தகுதி எதுவும் இருக்கவில்லை.

கோவையின் மேற்கு ஓரத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் கான்கிரீட். பின்னால், இருபுறமும் சரியும் ஓட்டுக்கூரை போட்ட நீளமான ஒற்றை அறை. அதில் இரண்டு தையல் மெஷின்கள், துணி வெட்டும் மேஜை ஒன்று. மே மாதம் வந்தால் ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை மொத்தமும். போன வருஷம் கூரை ஒழுகி, இருபது வெள்ளைச் சட்டைகள் டீ நிறத்துக்கு வந்துவிட்டன.

"இந்த வாட்டியும் கறையாச்சுன்னா அடுத்த வருஷம் எனக்கு ஆர்டர் இல்லீங்க" என்றாள். அதட்டிச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். நூலைக் கோத்தபடி சொன்னாள்.

கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். டேப்பை விரித்து அறையின் தரையை அளந்தேன். இருபத்துநாலு அடி நீளம், பதினாலு அடி அகலம். பெருக்கினேன். ஓர் ஓடு எவ்வளவு இடத்தை மூடும் என்று பெருந்துறைப் பக்கத்து ஓட்டுக்கடையில் கேட்டு வகுத்தேன். உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்து, ஐந்நூறு. அடியில் இரண்டு கோடு போட்டேன்.

"சித்தெ காட்டுங்க, நானும் பாக்கறேன்" என்றாள் மனைவி.

"இது துணிக் கணக்கு இல்ல அம்மணி" என்றேன். இந்த வாக்கியத்தை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

ஓடு மாற்ற வந்த மேஸ்திரி அந்த நோட்டை இரண்டு கையாலும், கல்யாணப் பத்திரிகை வாங்குவது போல வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஐநூறு பத்துமுங்களா?"

"உடைசலும் சேத்தித்தானுங்க."

"சரிங்க." கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஓட்டு மேல ஏறிப் பாத்தீங்களாங்க?"

"எதுக்குங்க? தரைதான் கீழயே இருக்குதே."

"அதுஞ் சரிதானுங்க" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஐம்பது வருஷம் இந்த ஊரில் இருந்தவனுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கேள்வியாகக் கேட்பார்கள். இரண்டு தடவை கேட்டும் புரியாதவனுக்கு மரியாதை இன்னும் கொஞ்சம் கூடும்.

ஓடு வந்து இறங்கியது. பழையதை எல்லாம் பிரித்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் முன்பக்கச் சரிவு செக்கச்செவேலென்று முடிந்துவிட்டது. அடுக்கைப் பார்த்தேன். நூறு ஓடுகூட மிச்சமில்லை. பின்பக்கம் ஓட்டைத் தாங்கும் வெறும் ரீப்பர் கட்டைகள், அவற்றின் இடைவெளியில் வானம். மேற்கே மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஓட்டுக்கடைக்குப் போன் செய்தேன். அடுத்த லோடு வரப் பத்து நாளாகுமாம். கூரையில்லாத அந்தப் பாதிக்குக் கீழேதான், சென்னிமலைப் படுக்கை விரிப்புகள் போர்த்தி, வெள்ளைச் சட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன.

கழுத்தில் இஞ்சு டேப்போடு மனைவி வெளியே வந்தாள். கூரையைப் பார்த்தாள். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பாவாடைக்குத் துணி எடுக்கறப்ப இடுப்பை மட்டும் அளந்தாப் பத்துமுங்களா?"

பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் புரியாத வடிவியல் அந்த நொடியில் புரிந்தது. சரிவு தரையைவிட நீளம். போதாததற்குச் சுவரைத் தாண்டி நாலு பக்கமும் இரண்டிரண்டு அடி கூரை வெளியே நீள்கிறது. நான் கணக்குப் போட்டது ஓட்டுக்கில்லை, பாய்க்கு.

மேஸ்திரியிடம் போனேன். "உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"சொல்லியிருக்கலாமேங்க."

"ரெண்டு கோடு வேற போட்டிருந்தீங்க. அதுக்கு மேல நான் என்னத்தைங்க சொல்றது?"

அப்புறம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனார். பிரித்த பழைய ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்றவற்றைத் தனியே அடுக்கியிருந்தார்.

"ரெண்டுக்கு ஒண்ணு தேறுச்சுங்க. புதுசோட கலந்தா உக்காராது. பின்பக்கம் பூராவும் பழசே போட்டுர்லாமுங்க. நோட்டைப் பாத்த அன்னைக்கே முடிவு பண்ணிப்போட்டனுங்க."

வரிசையாக நின்று ஓடு கைமாற்றினோம். மனைவியும் நின்றாள். முகட்டு ஓட்டில் கடைசியை வைத்துவிட்டு மேஸ்திரி இறங்கவும், மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

உள்ளே மனைவி விரிப்பை விலக்கி ஒவ்வொரு சட்டைக்கட்டிலும் கைவிட்டுப் பார்த்தாள். அண்ணாந்து பின்பக்கச் சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. மெஷினில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஒரு காலரைத் தைக்க ஆரம்பித்தாள்.

"காரு நிறுத்தற எடத்துக்கு மேல தகரச் சீட்டுப் போடோணும்னீங்களே" என்றாள், தலை நிமிராமல்.

"ஆமா."

"அளவு நான் எடுத்துக்கறனுங்க."

"சரிங்க" என்றேன்.