சித்தி வரைந்த பூச்சாடி

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அம்மாவின் தங்கையும் எங்களோடுதான் இருந்தாள். சித்திக்கு டைப்பிஸ்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு. பழைய டச்சு ஓவியங்கள் நிறைந்த தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து, ஒரு பெரிய பூச்சாடியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருந்தாள். ரோஜா, லில்லி, எங்கள் தெருவில் யாருமே பார்த்திராத துலிப் எல்லாம் அதில் பொங்கி வழிந்தன.

பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்த அன்று, அவள் கைத்திறனும் தெரியட்டுமே என்று அப்பா அந்தப் படத்தைத் தூக்கிவந்து, ஹாலில் பெஞ்சின் மேல் சாய்த்து வைத்தார். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோதுதான் அம்மா அதை உற்றுப் பார்த்தாள். சாடியின் அடியில், உதிர்ந்த இதழ்களுக்கு நடுவே, ஒரு மண்டை ஓடு.

"நல்ல காரியம் பேசுற இடத்துல இதுவா!" அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. படத்தை எடுக்க நேரமில்லை. என்னை இழுத்து அதன் முன்னால் நிறுத்தினாள். "அவங்க போற வரைக்கும் நகரக்கூடாது."

நின்றேன். முதுகுக்குப் பின்னால் அந்தப் பல்வரிசை என்னைக் கடிக்கப்போவது போலவே இருந்தது. மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா என்னைப் பார்த்தார்.

"பாப்பா, ஏன் அங்கேயே நிக்கிற? இங்க வந்து உக்காரு லா."

நான் அசையவில்லை. "அவளுக்கு வெக்கம்," என்றார் அப்பா. அவர் நெற்றியில் வேர்வை.

அப்போது சித்தி தேநீர்த் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் எதை மறைத்து நிற்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வாடா கண்ணு, இந்தத் தட்டைக் கொஞ்சம் பிடி."

அம்மா கண்ணாலேயே என்னை எரித்தாள். சித்தி மறுபடி கூப்பிட்டாள். நான் போனேன்.

நான் விலகியதும் மண்டை ஓடு பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "இது என்னம்மா?"

"அந்தக் காலத்து டச்சுக்காரங்க இப்படியும் வரைவாங்க, ஆன்டி. பூ மாதிரி மனுஷனும் ஒருநாள் உதிர்ந்துடுவான்னு ஞாபகப்படுத்த," என்றாள் சித்தி. குரலில் நடுக்கமே இல்லை.

"வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்," என்று எழுந்தார்கள். கார் தெருமுனை தாண்டியதும் அம்மா என்னை நோக்கிக் கையை ஓங்கினாள். "அவளை விடுங்கக்கா, நான்தான் கூப்பிட்டேன்," என்று சித்தி குறுக்கே வந்தாள். அம்மா அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விருந்தாளிகள் தொடாமல் விட்டுப்போன, உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப்புகளை சித்தி ஒவ்வொன்றாக எடுத்து ரசித்துத் தின்றாள். மாப்பிள்ளை போய்விட்ட துக்கத்தில்தான் அவளுக்கு அப்படிப் பசிக்கிறது என்று நினைத்து, என் பங்கையும் அவளிடம் நீட்டினேன்.