கமால் பாயும் சந்தனம் வைத்த ஸ்பிரே கன்னும்

குரும்பலூரில் ஒரு வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது செல்வம் போனில் கூப்பிட்டான். கமால் பாய் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பின் லப்பைக்குடிக்காட்டில் அடக்கம் என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிரஷைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நாங்கள் மூவரும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் கூட்டாக பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்தவர்கள். பாயை அறிந்தவர்களுக்கு நான் அவரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அறிந்தவர்களில் பாதிப் பேராவது அவரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். துபாயில் பெயிண்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, மற்றவர்கள் டிவியும் கம்பளியும் கொண்டுவர, இவர் ஒரு பழைய ஸ்பிரே மெஷினோடு வந்து இறங்கினார். வாளியிலிருந்து பெயிண்டை உறிஞ்சி, ஓஸ் வழியாக, கையில் பிடிக்கும் கன்னின் முனையிலிருந்து கடும் அழுத்தத்தில் சுவரில் பீய்ச்சுகிற மெஷின் அது.

வேலைக்குப் போன உடனே அதை ஓட்ட விடமாட்டார். கதவு ஜன்னலுக்கெல்லாம் பேப்பர் ஒட்ட வேண்டும். பெயிண்டைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். முதலில் தண்ணீர் விட்டு ஓட்டி, பிறகு பெயிண்ட் விட்டு, பிரஷரைக் குறைவாக வைத்து ஓர் அட்டையில் அடித்துப் பார்க்க வேண்டும். கோடு விழாமல் சீராக விழுந்தால்தான் சுவருக்குப் போவார். அரியலூரில் ஒரு வீட்டுக்காரர் பொறுமையிழந்து, பிரஷ் பிடித்திருந்தால் இந்நேரம் ஒரு சுவர் முடிந்திருக்கும் என்றார். "சுவரு எங்கயும் ஓடிப்போயிடாதுங்க" என்று சொல்லிவிட்டு பாய் வடிகட்டிக்கொண்டேயிருந்தார்.

சித்திரை வெயிலில் மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று நான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டேன். அதை அவிழ்த்து என் தோளில் போட்டார். "துண்டு ஈக்குத்தான் ஆவும். பெயிண்டுக்கு ஆவாது." நான் முணுமுணுத்துக்கொண்டே மாஸ்க்கைப் போட்டேன்.

டீ குடிக்கப் போவதானாலும் மெஷினை நிறுத்தி, வால்வைத் திருப்பி, கன்னை வாளிக்குள் நீட்டி அழுத்தி, உள்ளே மிச்சமிருக்கும் பிரஷரை வெளியேற்றி, ட்ரிகருக்குப் பூட்டுப் போட்ட பிறகுதான் நகர்வார். "ஆஃப் பண்ணிட்டா அடங்கிடுச்சுன்னு நெனைக்காதீங்கப்பா, ஓஸுக்குள்ள அது முழிச்சுக்கிட்டுதான் இருக்கும்" என்பார். டீ ஆறிப்போகும் என்பதுதான் எங்கள் கவலை.

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபக்காரர்கள் அந்த மாதத்தில்தான் வெள்ளையடிக்கக் கூப்பிடுவார்கள். ஒரு வருஷம் திருமானூரில் ஒரு மண்டபம் எங்களுக்குக் கிடைத்தது. நடுவில் ஆயுத பூஜை வந்தது. மெஷினைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, பூப் போட்டுக் கும்பிட்டோம். பாய்க்கு அதில் வருத்தமேயில்லை. பொரியும் சுண்டலும் எங்களைவிட அதிகமாகத் தின்றது அவர்தான். கன்னின் முனையில் மட்டும் பொட்டு வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சாமிக்கு நெற்றியில் வைக்காமல் முதுகிலா வைப்பார்கள் என்று சொல்லி, செல்வம் அவருக்குத் தெரியாமல் முனையிலேயே வைத்துவிட்டான்.

மறுபடி வேலை தொடங்கிய அன்று பாய் பின்பக்கம் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார். செல்வம் மெஷினை ஓட்டினான். பெயிண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. காய்ந்த சந்தனம்தான் அடைத்திருக்கிறது என்று இடது கை ஆள்காட்டி விரலால் முனையை வழித்தான். வலது கை விரல் ட்ரிகரிலேயே இருந்திருக்கிறது; அது அழுந்திவிட, ஆவென்று கத்தினான்.

ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. முள் குத்தியது போல ஒரு புள்ளி. செல்வம் அதைக் கழுவிவிட்டு, ஒண்ணுமில்லை என்று மறுபடி கன்னை எடுத்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சத்தம் கேட்டு வந்த பாய் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னார். முள்ளு குத்தினதுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று செல்வம் சிரித்தான். மண்டபக்காரரும், ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்கு முடிந்தாக வேண்டும் என்று நடுவில் வந்து நின்றார்.

செல்வம் பயப்படுவது அவன் மனைவி ஒருத்திக்குத்தான். பாய் அவளுக்குப் போன் போட்டார்.

"தங்கச்சி, செல்வத்துக்கு விரலுக்குள்ள பெயிண்ட் ஏறிடுச்சும்மா. வெளில ஒண்ணும் தெரியாது. இப்பவே போகலன்னா விரலு போயிடும், கையே போனாலும் போயிடும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான்."

போன் செல்வத்தின் காதுக்குப் போனது. அவள் என்ன சொன்னாளோ, அவன் நேராகப் போய் வண்டியில் உட்கார்ந்தான்.

பாய் பெயிண்ட் டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில், வெட்டுக்காயம் இல்லை, மெஷின் அழுத்தத்தில் பெயிண்ட் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லி டின்னை மேஜை மேல் வைத்தார். டாக்டர் அதைக் கேட்டதும் உட்காரவில்லை. உடனே ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார். போய்ச் சேருவதற்குள் விரல் கத்திரிக்காயாக வீங்கிவிட்டது. உள்ளங்கை வரை கிழித்துத்தான் பெயிண்டை எடுக்க வேண்டியிருந்தது.

வெளியே காத்திருந்தபோது, எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது என்று பாயிடம் கேட்டேன்.

"துபாய்ல நம்ம ரூம்ல ஒருத்தன் இருந்தான். இதே மாதிரி ஒரு புள்ளி. ஒண்ணுமில்லன்னான். நானும் சரின்னு தூங்கிட்டேன். கையை எடுத்துட்டுத்தான் ஊருக்கு அனுப்பிச்சாங்க."

அதைப் பற்றி அவர் பிறகு பேசியதில்லை. செல்வத்தைத் திட்டவுமில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு முனையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இப்ப எங்க வேணா வைங்க" என்றார்.

மெஷின் இனி அவர் மகனுடையது. அதில் எனக்கு ஆசையில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அடிபட்டு ஒண்ணுமில்லை என்று சொன்னால், காட்டு என்று கையைப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடக்கத்தின்போது எங்களையும் மண் போடக் கூப்பிட்டார்கள். செல்வம் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினான். அந்த விரல் மட்டும் முழுதாக மடங்கவில்லை. இடுக்கு வழியாக மண் கொஞ்சம் ஒழுகியது. அதுவரை சும்மா நின்றிருந்த எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மிச்ச மண்ணை அவன் சிந்தாமல் கொண்டுபோய் பாய்க்குப் போட்டான்.