சீட்டை விட்டு எழுந்த இடங்கள்

கிடங்கில் அவளுக்கு எறும்பு என்று பெயர். ஒல்லி உடம்பு. முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் தன் எடைக்கு மேல் ஏற்றிக்கொண்டு, பதினேழு வருடமாக வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறாள். எதை முதலில் கொடுப்பது, எந்தத் தெரு வழியாகப் போவது என்று ஒரு மென்பொருள் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தினமும் தாமதம்.

"வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள முடிக்கலேன்னா, வெள்ளியிலேருந்து பேக்கிங் மேஜை," என்றார் மேலாளர். "வயசாகுதில்ல."

பேக்கிங் மேஜை இருக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது.

மென்பொருளை எழுதியவள் வேறு யாருமில்லை, கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாத்தனார்தான். இருவருக்கும் ஒரே சமையலறை.

"உன் புரோகிராம் முழுச் சுமையோட என்னை மேட்டுல ஏத்துது."

"அதுதான் கிட்ட வழி, அண்ணி. கணக்கு தப்பாது."

"கணக்குக்கு முட்டி வலிக்குமா?"

ஞாயிறு காலை, பெட்டி நிறையத் தண்ணீர் கேன்களை அடுக்கி நாத்தனாரைச் சைக்கிளில் ஏற்றி மிதிக்கச் சொன்னாள்; தான் கூடவே நடந்தாள். மேட்டுத் தெருவில் பாதி தூரம் நாத்தனார் பேசிக்கொண்டே மிதித்தாள், பிறகு பேச்சு நின்றது. மருந்துக் கடை வாசலில் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள்.

"சீட்டை விட்டு எங்க எழுந்தே?"

"எழுந்தேனா?" மூச்சு வாங்கியது. "தையல் கடைகிட்ட."

"குறிச்சுக்கோ. காலிப் பெட்டியோட வந்தா அங்க யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. உன் புரோகிராமுக்கு அது தெரியாது."

அடுத்த மூன்று நாளும் கிடங்கில் சைக்கிள் ஓட்டும் ஆறு பேரும், சீட்டை விட்டு எழும்போதெல்லாம், நாத்தனார் அவர்கள் போனில் போட்டுக்கொடுத்த ஒரு பட்டனை அமுக்கினார்கள். நாத்தனார் அந்த இடங்களையும் பார்சல்களின் எடையையும் உள்ளே போட்டாள்.

வியாழக்கிழமை முப்பத்தெட்டு பார்சல். வழி மூன்று கிலோமீட்டர் கூடியிருந்தது. மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, ஊரைச் சுத்திப் பார்க்கவா?"

"ஆமா சார். பின்னாடி உக்காருங்க, காட்டுறேன்."

மேலாளர் உள்ளே போய்விட்டார், அவள் தனியாகக் கிளம்பினாள். சமதளத் தெருக்கள் முதலில் வந்தன. புத்தகக் கட்டு இறங்கியது, தையல் இயந்திரம் இறங்கியது, பெயின்ட் டப்பாக்கள் இறங்கின. ஒவ்வொரு வாசலிலும் சைக்கிள் ஒரு சுற்று இளைத்தது. மேட்டுத் தெருவுக்குத் திரும்பியபோது மிச்சம் ஐந்து கவர், ஒரு மூக்குக்கண்ணாடி. தையல் கடையை உட்கார்ந்தபடியே கடந்தாள்.

மூக்குக்கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டபோது மணி பதினொன்று இருபது. போன் அடித்தது.

"அண்ணி, சார் பேக்கிங் மேஜைக்கு வேற ஆள் தேடுறார்."

"அவரே உக்காரட்டும்."

கிடங்குக்குப் போக இறங்க வேண்டும். அவள் ஏறினாள். உச்சி வரை இன்னும் நூறடி. அங்கே கொடுக்க எதுவும் இல்லை. சீட்டை விட்டு எழுந்து, பெடலில் நின்று மிதித்தாள். பட்டனையும் அமுக்கினாள்.

மறுபடி போன்.

"காலிப் பெட்டிதானே அண்ணி, அங்க எதுக்கு எழுந்தீங்க? கணக்கு கெட்டுடும்."

"கெடட்டும்," என்றாள் எறும்பு, நின்றபடியே.