கோலாலம்பூர் மேடையில் ரெம்பாவ் பஸ் ஸ்டேண்டு

கல்யாண நாளுக்கு மகள் எங்களுக்கு அனுப்பியது, போய் உட்கார்ந்து சிரிப்பதற்கான இரண்டு டிக்கெட். அதுவும் கையில் பிடிக்கிற டிக்கெட் இல்லை, கைப்பேசியில் வந்த ஒரு கட்டம். கோலாலம்பூரில் தமிழில் காமெடி ஷோ, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. மகள் அங்கே மருத்துவமனையில் தாதி. அன்றைக்கு அவளுக்கு வேலை. "நீங்க ரெண்டு பேர் மட்டும் போங்கப்பா, ஜாலியா இருக்கும்லா" என்றாள். வீட்டிலேயே நான் நன்றாகத்தானே சிரிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மனைவி அதற்குள் சேலையை எடுத்து வைத்துவிட்டாள்.

நான் பிறந்து வளர்ந்தது சுவா பக்கத்துத் தோட்டத்தில். அப்பா மண்டோர், வேலையாட்களைக் கண்காணிக்கிறவர். ரப்பர் தந்த பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்த பிறகு ஒவ்வொரு குடும்பமாக வெளியே வந்துவிட்டோம். இப்போது போர்டிக்சனில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. எனக்குத் தெரிந்த கலை நிகழ்ச்சி என்பது கோயில் திருவிழாவுக்கு வரும் பாட்டுக் கச்சேரிதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரலாம், பாடகர் சொதப்பினால் எழுந்து போய் மீ கோரெங் வாங்கித் தின்றுவிட்டு வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

இங்கே அப்படி இல்லை. பேரங்காடியின் ஐந்தாவது மாடியில் அரங்கம். வாசலில் ஒரு பெண் மனைவியின் கைப்பையைத் திறந்து, அதிலிருந்த முறுக்கு டப்பாவை வெளியே எடுத்து, வெடிகுண்டைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு பார்வை பார்த்துத் தனியாக வைத்துவிட்டாள். வீட்டில் சுட்ட முறுக்கு! சண்டை போட்டிருப்பேன். மனைவி இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே குளிர் எலும்பில் ஏறியது. எண்ணூறு பேராவது இருப்பார்கள், எல்லாம் நம் ஆட்கள். மேடையில் வாத்தியம் இல்லை, திரை இல்லை. ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு மைக். இன்னும் சாமான் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வந்தது ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். ஜீன்ஸ், சுருட்டை முடி. அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்தில் அந்த வார்த்தையைச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் கள்ளுக்கடைக்குப் பின்னால் நின்று சொல்வார்கள். முன் வரிசையில் குங்குமப் பொட்டு வைத்த ஓர் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் திரும்பினால் என் மனைவியும் சிரிக்கிறாள்! இருபத்தாறு வருடம் கூடவே இருந்திருக்கிறேன், அந்த வார்த்தைக்கு இவள் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன், மறைப்பானேன். டோல் சாவடியில் கார்டை எட்டித் தொட முடியாமல் அவளுடைய மாமா பாதி உடம்பைக் காருக்கு வெளியே விட்டுத் தொங்குவதை நடித்துக் காட்டினாள். அன்று காலை சிரம்பான் டோலில் நான் தொங்கியது அப்படியே இருந்தது. மனைவி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று நாங்கள் இப்படிச் சேர்ந்து சிரித்து என்று நினைத்தேன். மகளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அப்போதுதான் அந்தப் பெண், "நெகிரி ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

நெகிரி எங்கள் மாநிலம். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். "போர்டிக்சன்!" என்று கத்தவும் செய்தாள்.

"ஆஹா, நம்ம அங்கிள்! எங்கம்மாவும் அந்தப் பக்கம்தான் லா. சுவா பக்கத்துல தோட்டம். பால்மரம் சீவுனாங்க. அங்கிள், இந்தக் கதை உங்களுக்கு."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சுவா பக்கம் எத்தனையோ தோட்டம், எத்தனையோ அம்மா.

"எங்கம்மாவுக்கு இருபது வயசுல ஒரு லவ். மண்டோரு மகன். ஜொகூருக்கு ஓடிப்போறதுன்னு பிளான். எங்கேர்ந்து? ரெம்பாவ் பஸ் ஸ்டேண்டுலேர்ந்து! சிரம்பான்ல ஏறினா சொந்தக்காரன் பாத்துருவானாம்."

அரங்கம் சிரித்தது. சிரம்பானில் சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று சொன்னவன் நான்தான்.

மனைவியிடம் நான் சொல்லி வைத்திருந்த கதை வேறு. கல்யாணமான புதிதில் ஒரு நாள், அவள் நல்ல மனநிலையில் இருந்த நேரமாகப் பார்த்து எடுத்து விட்டேன். ஒரு பெண்ணை நம்பினேன், வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு ரெம்பாவ் பஸ் ஸ்டேண்டில் காலையிலிருந்து காத்திருந்தேன், ஜொகூர் பஸ் ஒவ்வொன்றாகப் போனது, அவள் வரவே இல்லை என்று. மனைவி பேராக் பக்கத்துப் பெண், எங்கள் தோட்டத்தில் அவளுக்கு யாரையும் தெரியாது. அப்படியே நம்பினாள், கண் கலங்கினாள். அன்றைக்கு மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்கு வந்தது. அதற்குப் பிறகு எப்போது ரெம்பாவைக் கடந்தாலும் ஜன்னல் பக்கம் பார்த்து, "பாவி, அவ நல்லாவே இருக்க மாட்டா" என்று திட்டிவிட்டு என் தொடையில் ஆறுதலாக ஒரு தட்டுத் தட்டுவாள். நான் ஒரு பெருமூச்சு விடுவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தட்டு எனக்குப் பிடித்திருந்தது.

மேடையில் அந்தப் பெண் முக்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எங்கம்மா என்ன எடுத்துக்கிட்டுப் போனாங்க தெரியுமா? துணி இல்ல. நகை இல்ல. மண்ணெண்ணெய் அடுப்பு! ஓடிப்போறவ எவளாச்சும் அடுப்பத் தூக்கிட்டுப் போவாளா? கேட்டா, 'போற எடத்துல அவரு பசி தாங்க மாட்டாரு'ங்கறாங்க!"

எண்ணூறு பேர் சிரித்தார்கள். நான் அந்த அடுப்பைப் பார்த்தவன். பச்சை நிறம், மூன்று கால், ஒரு துண்டில் சுற்றியிருந்தாள். அன்றைக்கு முதலில் வந்தது நான்தான், அதுவரை என் கதையில் பொய் இல்லை. ஓடிப்போவது என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ஸில் போவது என்கிற அளவுக்குத்தான் என் மூளை வேலை செய்திருந்தது. தூரத்தில் அவள் அந்த அடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்ததும்தான், இவளோடு நாளைக்கும் சாப்பிட வேண்டும், மறுநாளும் சாப்பிட வேண்டும், அரிசி நான் வாங்க வேண்டும் என்று உறைத்தது. பக்கத்தில் இருந்த கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

என்னை யாரும் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பஸ் போயிருச்சு. ஆளக் காணோம். எங்கம்மா மூஞ்சி கழுவலாம்னு கக்கூஸ் பக்கம் போறாங்க. ஒரு கதவு மூடியிருக்கு. கீழ ஒரு சாண் இடைவெளி. அதுல என்ன தெரியுது? வெள்ளச் சப்பாத்து! யாரு வாங்கிக் குடுத்தது? எங்கம்மா! யாரு வெள்ளை அடிச்சது? எங்கம்மா!"

என் கையைப் பிடித்திருந்த கை விலகியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் சிரிப்பு நின்றது மட்டும் எனக்குத் தெரிந்தது.

"கதவத் தட்டுனாங்களா? இல்ல. கத்துனாங்களா? இல்ல. திரும்பி வந்து அடுப்புப் பக்கத்துல உக்காந்துட்டாங்க. கக்கூஸ்தானே, எவ்வளவு நேரம்தான் உள்ள இருப்பான், வரட்டும்னு! இன்னும் ரெண்டு பஸ்ஸ விட்டாங்க லா!"

முன் வரிசை அம்மா நாற்காலியை அடித்துச் சிரித்தார். அன்றைக்கு அடுப்போடு அவள் வந்ததும் எனக்குத் தெரியும், காத்திருந்து போனதும் தெரியும். என்னைக் கண்டுபிடித்த பிறகும் உட்கார்ந்திருந்தாள் என்பது தெரியாது. நான் உள்ளே நாற்றத்தில் நின்று, ஏமாந்துபோய் அவளாகப் போய்விடுவாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவளோ நான் மனது மாறி வெளியே வர நேரம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தாழ்ப்பாளைத் திறப்பதைத் தவிர நான் செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

"அப்புறம் எங்கப்பாவக் கட்டிக்கிட்டாங்க. எங்கப்பா லாரி டிரைவர். லாரியில கக்கூஸ் கிடையாது. அதான் ஓகே சொன்னாங்க!"

கைதட்டல் அடங்கவே இல்லை. அவள் நெற்றியில் கை வைத்து எங்கள் பக்கம் தேடினாள். "நம்ம நெகிரி அங்கிள் எங்க? அங்கிள், ஆம்பளைக்கு ஆம்பளை தெரியும்தானே, நீங்க சொல்லுங்க. அந்த ஆளு ஏன் வெளிய வரல?"

விளக்கு எங்கள் மேல் விழுந்தது. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் வரிசைக்குள் நுழைந்து வந்து என் கையில் மைக்கைக் கொடுத்தாள். 'வயித்து வலியா இருக்கும்' என்று ஒரு பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் கூட்டம் சிரித்திருக்கும், விளக்கு நகர்ந்திருக்கும், நானும் காரில் போகும்போது ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இப்படிப் பேசத்தானே எனக்குத் தெரியும். மனைவியைப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பப் பாத்துப் பயந்துட்டான்மா" என்றேன்.

அரங்கம் வெடித்தது. விசில் அடித்தார்கள். பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தட்டி, "சூப்பர் அங்கிள்!" என்றார். "அங்கிள் நேர்மையான மனுஷன், ஒரு கை தட்டுங்க!" என்றாள் மேடையில் இருந்தவள். என் வாழ்க்கையில் எனக்காக அத்தனை பேர் கைதட்டியது அன்றைக்குத்தான். உடம்பெல்லாம் கூசியது.

மனைவி கைதட்டவில்லை. விளக்கு அணைந்த பிறகு மேடையைப் பார்த்தபடியே, "அன்னிக்கு அவ வந்திருக்கா" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் "ம்" என்றேன். மீதி நிகழ்ச்சியில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது.

முடிந்ததும் வெளியே அந்தப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ள நீளமாக வரிசை நின்றது. நான் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தேன். மனைவி நேராகப் போய் வரிசையில் நின்றாள். "நேரமாச்சு, வா" என்றேன். அவள் திரும்பவில்லை. என்ன செய்யப் போகிறாளோ என்று தெரியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. ஐந்தடி தள்ளி நின்றேன்.

அவள் முறை வந்தது. அந்தப் பெண் தோளில் கை போட்டுக் கைப்பேசியைத் தூக்கினாள். மனைவி அந்தக் கையை இறக்கித் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். "உங்கம்மா நல்லா இருக்காங்களாம்மா?"

"நல்லா இருக்காங்க ஆண்ட்டி. கிள்ளான்ல இருக்காங்க."

"இருபத்தாறு வருஷமா நான் அவங்கள வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன்மா. எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சிரச் சொல்லும்மா."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கை மெதுவாக வாய்க்குப் போனது. "ஐயோ அங்கிள்... சாரி அங்கிள், எனக்குத் தெரியாது லா" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! என்னை அங்கேயே செருப்பால் அடித்திருந்தால் தேவலை. நான் ஏதோ தலையாட்டினேன்.

என்ன நினைத்தாளோ, கைப்பேசியில் எண்ணைத் தட்டி, "அம்மா, ஒருத்தவங்க பேசணும்ங்கறாங்க" என்று சொல்லி மனைவியிடம் கொடுத்தாள். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். முதலில் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, என்னால் நம்ப முடியவில்லை, சிரித்தாள். இடையிடையே "ஆமாங்க", "இப்பவும் அப்படித்தாங்க" என்று என் காதில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் என்னிடம் வந்து கைப்பேசியை நீட்டினாள்.

"பேசுங்க" என்றாள்.

வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஏதோ வாணலியில் பொரிகிற சத்தம் கேட்டது. மனைவி எதிரிலேயே நின்றாள்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

அதே குரல்தான். கொஞ்சம் கனத்திருந்தது. ரொட்டிக்காரரையும் பஸ் டிரைவரையும் நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிற அண்ணே.

"நல்லா இருக்கேன்மா" என்றேன். "அன்னிக்கு... நான் உள்ளதான் இருந்தேன்."

"தெரியும்ணே" என்றாள். "அண்ணிகிட்ட குடுங்க."