சுண்ணாம்பு சுட்ட இடம்

பீங்கான் கொட்டகை வாசலில் மேஸ்திரி கலியமூர்த்தி இருந்தார். சூளை அடுக்கும் செல்வராசு இருந்தான். பொம்மைக்கு வண்ணம் தீட்டும் என் மனைவி அஞ்சலை இருந்தாள். டார்ச் லைட்டும் நீல மருந்துப் பாட்டிலும் வைத்துக்கொண்டு, வாய்ப் புற்று முகாமுக்கு வந்த ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். களிமண் கரைசலை அச்சில் ஊற்றும் நான் இருந்தேன், இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு.

அந்தக் கன்னத்தில் ஒரு வருடமாக வெள்ளைத் திட்டு. வலிக்காது. காரம் பட்டால் எரியும். சுண்ணாம்பு சுட்டது என்று சொல்லிக்கொண்டேன். இங்கே புகையிலை போடுகிறவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான். சுண்ணாம்பு சுட்டால் நாலு நாளில் ஆறும். வருடக்கணக்கிலா சுடும்? அதை யோசிக்காத மண்டைகள். என் மண்டையும்தான்.

“டார்ச் அடிச்சா கேன்சர் தெரியுமா? எங்க வூட்லகூடத்தான் டார்ச் இருக்குது,” என்றார் மேஸ்திரி. செல்வராசு சிரித்தான்.

“வாயத் தொறங்க. சோத்துக்கு மட்டும் தொறக்குறீங்க இல்ல,” என்றாள் அஞ்சலை.

வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, டாக்டரம்மா முதலில் மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொன்னார். மூன்றும் போயின. பிறகு நீலச் சாயத்தைக் கொப்பளிக்கச் சொன்னார்.

கொட்டகையில் வார்க்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்கு நாங்கள் செய்வதும் இதுதான். மை தடவித் துடைப்போம். விரிசலில் மட்டும் மை நிற்கும். அந்தக் கட்டை கழிவு.

வாயைக் கழுவினேன். எல்லா இடத்திலும் நீலம் போயிற்று. திட்டில் நின்றது.

“நீலம் நின்னாலே கேன்சர்னு இல்ல. சதையக் கிள்ளிப் பாத்தாத்தான் தெரியும். கடலூருக்குப் போங்க.”

“அது சுண்ணாம்புங்க,” என்றார் மேஸ்திரி. அவர் முறை வந்ததும் அடிக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவினார். மை நின்ற கட்டையை ஒருநாளும் தேறவிடாத ஆள்.

கடலூரில் பயாப்ஸி (சதைத் துணுக்கை வெட்டிச் சோதிப்பது) செய்தார்கள். ஆரம்ப நிலைப் புற்று. கன்னத்தின் உள்சதையை எடுத்தார்கள். இன்னும் நாள் தள்ளியிருந்தால் தாடையும் போயிருக்கும் என்றார்கள்.

ஆறிய தழும்பு வாயை இழுத்துப் பிடிக்கிறது. கிழமை, மாதம் எல்லாம் போய்விட்டது. அடுத்த பரிசோதனைக்கு எத்தனை நாள் என்பதுதான் இப்போது காலண்டர்.

“என்னாய்யா, சுண்ணாம்பு ஆறிடுச்சா?” என்கிறார் மேஸ்திரி, புகையிலை அடக்கிய கன்னம் உப்ப. அவருக்காக என் வாயை வீணாக்குவதில்லை.

படிக்கிற உங்களுக்கும் திட்டு இருக்கலாம். சுண்ணாம்பு என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் கன்னம்.

தினமும் பல் விளக்கியதும் விரல்களை அடுக்கி வாய்க்குள் வைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு.