ஆடு இறங்கிய இடம்

சுனாமி வந்துபோன இரண்டாவது வருடம் அது. போர்ட் பிளேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் நூலகராக இருந்தேன். அப்பா அரசு வேலை கிடைத்து ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அந்தமானுக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் போர்ட் பிளேர் ஷாதிபூரில்தான். யாராவது என்ன வேலை என்று கேட்டு, நான் நூலகர் என்று சொன்னால், "அப்ப டீச்சர் இல்லையா?" என்று ஒரு மாதிரிப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பள்ளியிலும் அப்படித்தான். யார் லீவு போட்டாலும் அந்த வகுப்பைக் கட்டி மேய்க்க என்னை அனுப்பிவிடுவார்கள். என் வேலையைப் பற்றிப் பேச, அதே வேலை பார்க்கிற ஒரு ஜீவன்கூடப் பக்கத்தில் கிடையாது.

அதனால்தான், சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போனபோது பள்ளி நூலகர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக என் முகவரியைக் கொடுத்தேன். குழுவுக்கு ஒருவர் எழுதினால் அது உறுப்பினர்கள் எல்லாருடைய அஞ்சல்பெட்டிக்கும் போய்விடும். தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம், கேரளம், கர்நாடகம், வடக்கே இருந்தும் சிலர். கரையான், பூஞ்சை, தொலைந்த புத்தகத்துக்கு அபராதம் வாங்கலாமா கூடாதா என்று நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். எனக்கு அது கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பள்ளி அலுவலகத்தில் ஒரே ஒரு கணினி, மழை பெய்தால் இணையம் படுத்துவிடும். சனிக்கிழமைகளில் அபர்தீன் பஜார் பக்கம் இணையக் கடைக்குப் போய்க் காசு கொடுத்துக் கடிதங்களைப் படித்துவிட்டு வருவேன். ஒரு வருடம் வரைக்கும் ஒரு வரி எழுதவில்லை. தீவிலிருந்து எழுதி என்ன சொல்லிவிடப் போகிறோம் என்று ஒரு தயக்கம்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியை எல்லாருக்கும் கேட்கலாம். பதிலைக் கேட்டவருக்கு மட்டும்தான் அனுப்ப வேண்டும். வந்த பதில்களையெல்லாம் தொகுத்து, கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்டவர் குழுவுக்கு எழுத வேண்டும். எழுதாமல் நழுவினால் குழுவை நடத்திய அம்மையார் லேசில் விடமாட்டார்.

எங்கள் பள்ளியின் மதிய உணவுக்கூடத்தில் அப்போது புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். சிறுமியாக இருந்தபோது சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் திருப்பி அனுப்பப்பட்டு, நிக்கோபாரில் கச்சல் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். ஒருநாள் மதியம் பாத்திரமெல்லாம் கழுவி முடித்த கையோடு, புடவையில் கையைத் துடைத்தபடி நூலக வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு கிதாப் தேடணும், கதப் புஸ்தகம். பேரு தெரியாதுங்க. ஒரு ஆடு தெனமும் பஸ்ஸுல போவும். அது எங்க எறங்கிப் போவுதுன்னு தெரியணும். அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, சத்தமாகச் சிரிக்கவில்லை. ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது அவருடைய மகளைப் பற்றி.

கணவர் ஏற்கெனவே இறந்துவிட்டார். கச்சல் வீட்டில், எழுதப் படிக்கத் தெரியாத இவரும் ஐந்தாவது படிக்கும் மகளும் மட்டும். சாயங்காலம் அம்மா அடுப்பு மூட்டியதும் மகள் பள்ளியிலிருந்து எடுத்து வந்த ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசிப்பாளாம். பல வாரங்களாக அதே புத்தகம். மலைப்பாதையில் ஒரு பஸ். தினமும் முதல் நடையில், பனிக்குள்ளிருந்து ஓர் ஆடு வந்து ஏறிக்கொள்ளும். காலை இழுத்து இழுத்து நடக்கிற கண்டக்டர் ஒருவர். ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் வந்து ஆட்டுக்கு அபராதம் போடுவார். ஒருநாள் மண் சரிந்து பஸ் நின்றுவிட, ஆடு குறுக்குவழி காட்டும். ஒருநாள் ஆட்டைக் காணாமல் பஸ்ஸே காத்து நிற்கும். ஆனால் அது எங்கே இறங்குகிறது என்று யாருக்கும் தெரியாது, கூட்டத்தில் எப்படியோ நழுவிவிடும். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் மகள் வாசித்த பகுதியில், கண்டக்டர் டிக்கெட் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஆட்டுக்குப் பின்னாலேயே இறங்கிவிட்டார். மீதி நாளைக்கு என்று புத்தகத்தை மூடிவிட்டாள். மறுநாள் காலையில் கடற்கரையோரம் இருந்த தோழி வீட்டுக்கு கேக் சாப்பிடப் போனவள் திரும்பி வரவில்லை.

அவர் அழவில்லை. நான்தான் அலமாரியில் எதையோ தேடுவது போல முதுகைக் காட்டி நின்றேன். எங்கள் நூலகத்தில் அப்படி ஒரு புத்தகம் இல்லை என்பது தேடாமலே எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை குழுவுக்கு என் முதல் கடிதத்தை எழுதினேன். ஆடு, பஸ், மலை, கால் ஊனமான கண்டக்டர், இப்படி ஒரு சிறுவர் நாவல், யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். எதற்காக என்பதையும் எழுதினேன். பதில்கள் வந்து குவிந்தன. ஆடு வருகிற கதைகள் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சிலர் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். அட்டை என்ன நிறம்? படம் இருக்குமா? நான் கேள்விகளை எடுத்துக்கொண்டு சமையல்கூடத்துக்கு ஓடுவேன். மஞ்சள் அட்டை என்றார் அந்த அம்மா. சிவப்பு பஸ், ஜன்னல் வழியாக ஆடு தலையை நீட்டிக்கொண்டிருக்கும் என்றார். எழுத்து எப்படி இருக்கும் என்று கேட்டபோது, "மேல ஒரு கோடு இழுத்து அதுல தொங்கவுட்ட மாதிரி இருக்குங்க" என்றார். இந்தி! தீவில் பாதிப் பிள்ளைகள் இந்தியில்தானே படிக்கிறார்கள். மகள் இந்தியில் பார்த்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். எனக்குத் துப்பறியும் ஆள் போலப் பெருமை தாங்கவில்லை.

வடக்கே ஒரு பள்ளியின் நூலகரிடமிருந்து கடைசியில் பதில் வந்தது. அட்டை அப்படியே இருக்கிறது, மஞ்சள், சிவப்பு பஸ், ஆட்டுத்தலை எல்லாம் சரி, ஆனால் இது பதினாறு பக்கப் படப்புத்தகம், ஒரே மூச்சில் முடிந்துவிடும், நீங்கள் சொல்லும் மலையும் காலை இழுத்து நடக்கிற கண்டக்டரும் இதில் இல்லையே என்று எழுதியிருந்தார். எதற்கும் அனுப்பிவைக்கிறேன், திருப்பித் தர வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். புத்தகத்தைப் பார்த்து ஒருவர் கதை சொன்னால் கதை புத்தகத்தில்தான் இருக்கும் என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்துவிட்டோம். இத்தனை நூலகர்கள் இத்தனை அலமாரிகளைக் குடைந்தோம், அந்தச் சிறுமியே இட்டுக்கட்டிச் சொல்லியிருப்பாளோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? குழுவிடமே கேட்டேன். அன்றைக்கு விதியெல்லாம் பறந்துவிட்டது. எல்லாரும் எல்லாருக்கும் எழுதினார்கள். நல்லதாக ஒரு முடிவைச் சொல்லி அனுப்புங்கள், அதில் என்ன பாவம், பெற்ற வயிறு குளிரட்டும் என்றார்கள் பாதிப்பேர். புத்தகத்தில் இல்லாததை இருக்கிறது என்று ஒரு நூலகரே சொல்லலாமா என்றார்கள் மீதிப்பேர். படிக்கத் தெரியாதவரிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று ஒருவர் எழுதியது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் நான் ஒரு முடிவைத் தயார் செய்து வைத்துக்கொண்டேன். ஆடு ஒரு மந்தையோடு போய்ச் சேர்ந்து புல்வெளியில் சந்தோஷமாக இருப்பது போல. படிக்க நன்றாகத்தான் இருந்தது.

பார்சல் வந்து சேரப் பல வாரங்கள் ஆயின. வந்த அன்று மதியமே அவரைக் கூப்பிட்டேன். மேஜை மேல் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும், "இதான்! இதேதான் டீச்சர்!" என்று இரண்டு கையாலும் எடுத்து அட்டையைத் தடவினார். அப்புறம் நான் எதிர்பார்க்காததைச் செய்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்து, கடைசி வரிமேல் விரலை வைத்து, "இதப் படிங்க" என்றார்.

விரலை வைத்துவிட்டாரே. நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அங்கே இருந்ததைத் தமிழில் சொன்னேன். ஆடு டிக்கெட் கட்டைத் தின்றுவிட்டது, எல்லாரும் சிரித்தார்கள், பஸ் போய்விட்டது.

"முன்னாடிலேர்ந்து படிங்க."

படித்தேன். பதினாறு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சந்தை, ஆடு, பஸ், டிக்கெட். முடிந்தது. பனி இல்லை, மலை இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு, நிமிர்ந்து பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் அவர் சிரித்தார். நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தார். "அடி கள்ளி! இத்தன நாளா என்ன ஏமாத்தியிருக்கா பாருங்க!" சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார்.

"கால இழுத்து இழுத்து நடக்கிற கண்டக்டர்னு சொன்னாளே, அது எங்கப்பா டீச்சர். சிலோன்ல தோட்டத்துச் சரிவுல உருண்டு கால் போச்சி அவருக்கு. அந்தப் பனி, அந்த ரோட்டு வளைவு எல்லாம் நான் சொன்னதுதான். சமைக்கிறப்ப நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பேன். காதுலயே வாங்காத மாதிரி இருப்பா."

அவ்வளவு நாள் கேட்டுமா உங்களுக்குத் தெரியவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன்.

"புஸ்தகத்துல எழுதியிருக்கிறது நம்ம வீட்டுக் கதையா இருக்கும்னு யாரு டீச்சர் நெனப்பா?"

சுற்றிலும் நான் ஒவ்வொரு வருடமும் பட்டியல் போட்டு, ஆர்டர் கொடுத்து, எண் போட்டு அடுக்கிய புத்தகங்கள். அந்தக் கேள்விக்கு அதில் ஒன்றைக்கூட என்னால் எடுத்துக் காட்ட முடியவில்லை.

பிறகு அவராகவே சொன்னார். சிலோனில் அவர் ஓர் ஆடு வளர்த்தார். குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அதைக் கூட்டிவர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து லயத்தில், அதாவது வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகளில், ஒருவரிடம் கட்டிவிட்டு வந்தார்கள். அது கயிற்றை அறுத்துக்கொண்டு அவர்கள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடிவந்ததாம். வளைவு திரும்புகிற வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

"அது என்னத் தேடித்தான் டீச்சர் தெனமும் பஸ் ஏறுது. ஸ்டேஷன்லதான் எறங்கியிருக்கும். நாங்க ரயில் ஏறுன எடம் அதான்."

ஜன்னல் பக்கம் திரும்பினார். எங்கள் பள்ளி ஜன்னலிலிருந்து ஒரு துண்டு கடல் தெரியும்.

"எங்கப்பாதான் பின்னாலயே எறங்கிப் போயிட்டாருல்ல. அவரு பாத்துக்குவாரு" என்றார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். அவருடைய அப்பா கச்சலிலேயே, சுனாமிக்கு வெகுகாலம் முன்பே இறந்துபோனவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆட்டை மட்டுமல்ல, மகளையும்தான் அவரிடம் ஒப்படைத்தார் என்று அப்போது புரிந்தது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், உங்களுக்காகத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் அதை மேஜையில் நேராக வைத்தார். "எனக்கு எதுக்குங்க? இதுல ஒண்ணும் இல்லியே" என்று சொல்லிவிட்டுச் சமையல்கூடத்துக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் எப்போதும் போலப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். ஆட்டைப் பற்றி அதற்கப்புறம் நாங்கள் பேசவே இல்லை.

குழுவின் வழக்கப்படி தொகுப்பு எழுத வேண்டுமே. கேட்ட புத்தகம் கிடைத்தது, தேடிய கதை எந்த நூலகத்திலும் இல்லை, அதன் முடிவு கதையைக் கேட்டவரிடமே இருந்தது என்று எழுதி, நடந்ததையும் எழுதினேன். அப்புறம் ஒருவர் எழுதினார், தன் பள்ளியில் மலையிலிருந்து வரும் பிள்ளைகளிடம் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதிவைக்க ஆரம்பித்திருப்பதாக. பிறகு இன்னொருவரும் அப்படியே எழுதினார். நானும் ஆரம்பித்தேன். தெலுங்கு, வங்காளம், மலையாளம், தமிழ் என்று எங்கள் தீவுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கதைகளை இந்தியிலும் தமிழிலும் எழுதித் தைத்து ஓர் அலமாரியில் வைத்தோம்.

முன்பெல்லாம் ஒரு குழந்தை புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதில் இல்லாத எதையாவது வாசித்தால், வரியில் விரலை வைத்துத் திருத்துவேன். இப்போது திருத்துவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். அந்த வீட்டில் யாரோ எதையோ எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கலாம், அதைத் தேடித்தான் இந்தக் குழந்தை போய்க்கொண்டிருக்கிறது என்றால் குறுக்கே பேச நான் யார்?