கடைசி நாலு பெட்டி

திருவனந்தபுரத்தில் ரயில் கார்டுகள் தங்கும் அறையில் ஞானபாய்க்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வெப்ராளம் சேச்சி. எதற்கெடுத்தாலும் பதறுகிறவள் என்று அர்த்தம். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் ஏன் என்று திரும்பிப் பார்ப்பாள். வண்டி கிளம்புமுன் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கை மூன்று முறை பார்க்கிற கார்டு அங்கே அவள் ஒருத்திதான்.

அவள் பாறசாலைக்காரி. முதலில் ஒரு லெவல் கிராசிங்கில் கேட் கீப்பராக இருந்தாள், பிறகு பரீட்சை எழுதி கார்டு ஆனாள். கேட்டில் இருந்த ஆறு வருஷமும் தினம் ஒரே காட்சிதான். வண்டி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்துகொண்டிருக்கும். மூடின கேட்டுக்கு அடியில் குனிந்து ஆள் போவான். கத்தினால் நிற்க மாட்டான், சிரித்துக்கொண்டே போவான். ஒருநாள் ஒருவன் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு மனுஷரிடம் "ஜாக்கிரதை" என்று சொல்வதில் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது, பதற்றம் மட்டும் தங்கிவிட்டது. கரமனையில் வீடு. கணவர் சுவாமிதாஸ் விழிஞ்ஞம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்கு அவளுக்கு போன் வந்தது. நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே மழையில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது, நாகர்கோவில் வழியாக ஒன்றும் போகாது. மதுரைக்குப் போகிற பகல் வண்டியை வடக்கே கொல்லத்துக்கு அனுப்பி, புனலூர், செங்கோட்டை வழியாக மலையேற்றிச் சுற்றிவிடப் போகிறார்கள். அந்தப் பாதை தெரிந்த கார்டு வேண்டும். வாரம் இரண்டு தடவை அங்கே போகிறவள் அவள்தான்.

அது நூறு வருஷத்துக்கு முன்னால் மலையைக் குடைந்து போட்ட பாதை. குகைகளையும் கல் வளைவுப் பாலத்தையும் பார்ப்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். மீட்டர் கேஜை எடுத்து அகலப்பாதை போட்டு, மேலே மின்கம்பியும் இழுத்தாயிற்று. ஆனாலும் மலை அதே மலை, ஸ்டேஷன்கள் அதே கையகல ஸ்டேஷன்கள்.

எத்தனை பெட்டி என்று அவள் கேட்டாள். பதினெட்டு என்றார்கள்.

அவள் மனசில் உடனே ஆனைக்கல் வந்து நின்றது. புனலூரைத் தாண்டினால் மலை நடுவில் ஆனைக்கல் என்றொரு ஸ்டேஷன். ஒற்றைப் பாதை ஆனதால் எதிரே வருகிற வண்டிக்கு வழிவிட அங்கேதான் ஒதுங்கி நிற்க வேண்டும். அங்கே பிளாட்பாரம் பதினாலு பெட்டிக்குத்தான். மீதி நாலு பெட்டி பிளாட்பாரத்துக்கு வெளியே நிற்கும். இடது பக்கம் இரண்டடிக்குச் சரளைக்கல், அதற்கப்புறம் பழைய கல் தடுப்புச் சுவரின் விளிம்பு, அதற்குக் கீழே நாற்பதடி. மழைக்காலத்தில் விளிம்பை மறைத்துச் செடி மண்டிவிடும். மேலிருந்து பார்த்தால் தரை மாதிரியே தெரியும். வலது பக்கம் இறங்கினாலோ, எதிர் வண்டி போகிற பாதை.

அந்த நாலில் கடைசிப் பெட்டி அவளுடையது. மற்ற மூன்றும் முன்பதிவில்லாப் பெட்டிகள். தீபாவளிக்கு ஊர் போகிற கொத்தனார்களும் ஓட்டல்காரர்களும் துணிக்கடைப் பெண்களும் மூச்சு விட இடமில்லாமல் நெருக்கியடித்து ஏறுகிற பெட்டிகள்.

கொல்லத்தை நெருங்கும்போது கன்ட்ரோலரை போனில் பிடித்து, எதிர் வண்டிக்கு வேறே ஸ்டேஷனில் வழிவிடலாமா என்று கேட்டாள். முடியாது, அந்த வண்டியும் ஏற்கெனவே தாமதம், ஆனைக்கல்லை விட்டால் இரண்டும் நாள் முழுக்க நிற்கும் என்றார் அவர். பிளாட்பார மைக்கில் சொல்லச் சொல்கிறேன் என்று சமாதானமும் சொன்னார். மைக் பிளாட்பாரத்தில் இருக்கிறது, என் ஆட்கள் அதற்கு வெளியே அல்லவா நிற்பார்கள் என்று அவள் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. இன்ஜினில் இருந்த லோகோ பைலட் அனூப்பிடம் வாக்கிடாக்கியில், வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்த முடியுமா என்று கேட்டாள். அவன் சின்ன வயதுக்காரன். "சேச்சி, நான் ஒரு அடி கூட முன்னால போக முடியாது. சிக்னல் தாண்டிப் போயிரும்" என்றான். அது அவளுக்கும் தெரியும்.

புனலூரில் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னொரு இன்ஜின் மாட்டினார்கள். அதற்குக் கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஞானபாய் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று பெட்டிகளின் வாசல் வாசலாகப் போனாள். ஆனைக்கல்லில் யாரும் இறங்கக் கூடாது, இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் வண்டி வரும் என்று சொன்னாள். காதில் ஒயர் மாட்டியிருந்தவன் ஒயரைக் கழற்றாமலே தலையாட்டினான். ஒருத்தர், அங்கே டீ கிடைக்குமா என்று கேட்டார். அவள் கேட்டில் நின்ற காலம் திரும்ப வந்தது போலிருந்தது.

நடுப்பெட்டி வாசலில் ஒரு பெண் சிமென்ட் சாக்கில் கட்டிய மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். பெயர் மாடம்மாள், விழிஞ்ஞத்தில் கான்கிரீட் போடும் முப்பது ஆட்களுக்கு மேஸ்திரி, சங்கரன்கோவில் பக்கம். அவள்தான் முழுசாகக் கேட்டாள்.

"சொன்னாக் கேக்க மாட்டாவ தாயி" என்றாள். "வாசல்ல ஆளை உக்கார வச்சாத்தான் நிப்பாவ."

"உங்க ஆளுகளை வைப்பீங்களாக்கா?"

மாடம்மாள் உள்ளே திரும்பி நாலு பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். மூன்று பெட்டிக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு வாசல். வண்டி நகருமுன் பன்னிரண்டிலும் அவள் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். அப்படியும் ஞானபாய்க்கு மனசு அடங்கவில்லை. ஆனைக்கல் ஸ்டேஷன் மாஸ்டருக்கு போன் போட்டாள். ஸ்ரீப்ரியா என்ற பெண், அங்கே வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நம்முடைய வண்டியைச் சுற்றி நிலைமை சரி என்று நான் சொல்லாமல் எதிர் வண்டிக்குச் சிக்னல் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அப்படி ஒரு விதி இல்லையே என்றாள் ஸ்ரீப்ரியா. விதி இல்லைதான், எனக்காகச் செய் மோளே என்றாள் ஞானபாய். செய்கிறேன் என்றாள் ஸ்ரீப்ரியா.

ஆனைக்கல்லில் வண்டி நின்றபோது மணி மூன்று. மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. கார்டு பெட்டி வாசலில் நின்று பார்த்தால் முன்னால் நாலைந்து பெட்டிக்கு மேல் தெரியவில்லை. எதிர் வண்டி வர இன்னும் இருபது நிமிஷம் என்றார்கள், பிறகு முப்பது என்றார்கள். கூட்டத்தின் புழுக்கம் ஜன்னல்களில் ஆவியாகப் படிந்திருந்தது. குழந்தைகள் அழுகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் பயந்தது வேறு விதமாக வந்தது. அந்த மூன்றில் முதல் பெட்டியின் சக்கரத்தில் பிரேக் சரியாக விடாமல் மலையேறும்போதெல்லாம் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. நின்ற பிறகு அது சூட்டில் புகைய ஆரம்பித்தது. மேகத்தோடு கலந்த புகை ஜன்னல் வழியாக உள்ளே போனது. யாரோ தீ என்று சொன்னார்கள். அவ்வளவுதான், மூன்று பெட்டியும் ஒரே கூச்சலாக ஆகிவிட்டது.

ஞானபாய் முதலில் வாக்கிடாக்கியை எடுத்தாள். "ஸ்ரீப்ரியா, எதிர் வண்டியை விடாதே. சிவப்பிலேயே நிறுத்து."

"நிறுத்தியாச்சு சேச்சி. வெளி சிக்னல்ல நிக்குது."

வலது பக்கத்தில் இனிச் சாவு இல்லை. இடது பக்கம் இருக்கிறது. தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இடது பக்கமாகவே இறங்கினாள். ஏன் அந்தப் பக்கம் என்று பிற்பாடு கேட்டபோது, ஆட்கள் விழுந்தால் அங்கேதானே விழுவார்கள் என்றாள். ஒரு கையால் பெட்டியின் படிக்கம்பியைப் பிடித்து, அடுத்ததை எட்டிப் பிடித்து, சரளைக்கல்லில் கால் வைத்து வைத்து முன்னே போனாள். செடிகள் முழங்காலில் ஈரமாக உரசின.

வாசல்களில் மாடம்மாளின் ஆட்கள் நகரவில்லை. உள்ளிருந்து முதுகில் தள்ளுகிறார்கள், இவர்கள் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஜன்னலை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முதல் பெட்டியின் அவசர ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி கிடையாது. அதன் வழியாக லிங்கராஜ் என்ற பெயின்டர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், கால்களை வெளியே விட்டு அவள் கண் முன்னாலேயே குதித்தார். சரளையில் ஒரு அடி, செடியில் இரண்டாவது அடி. மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. ஆள் இல்லை. கிளைகள் முறிகிற சத்தம் மட்டும் கீழே போய்க்கொண்டே இருந்தது.

அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் தள்ளுவதை நிறுத்தினார்கள். ஜன்னலில் அடுத்து ஒரு காலை வெளியே போட்டிருந்த பெண் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஞானபாய் சக்கரத்துக்குச் சிலிண்டரை அடித்தாள். வெள்ளைப் பொடி பறந்து புகை நின்றது. தீ இல்லை, பிரேக் சூடுதான் என்று மேலே பார்த்துச் சொன்னாள். இந்தத் தடவை கேட்டார்கள். பிறகு குப்புறப் படுத்து, செடியை விலக்கிக் கீழே பார்த்தாள். பதினைந்தடிக்குக் கீழே சுவரில் முளைத்திருந்த அத்தி மரத்தில் லிங்கராஜ் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை தப்பாக மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது.

"அசையாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடம்மாள் சாக்கு மூட்டையை அவிழ்த்தாள். சாரம் கட்டுகிற நைலான் கயிறு இரண்டு சுருள், தீபாவளி கழித்துக் கரூரில் ஒரு வேலைக்கு என்று எடுத்துப் போனது, உள்ளே இருந்தது. பெட்டியின் படிக்கம்பியில் கயிற்றைக் கட்டி, அவள் ஆட்களில் மெலிந்த ஒருவரை இறக்கினார்கள். அவர் லிங்கராஜை இன்னொரு கயிற்றில் கட்ட, ஆறு பேர் பிடித்து மேலே இழுத்தார்கள். முழுசாக முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ஞானபாய் படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை, அந்த மனுஷரின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவும் இல்லை. எடுத்தால் விழுந்துவிடுவார் என்று தோன்றியதாம்.

பிறகுதான் எதிர் வண்டி மெதுவாகக் கடந்து போனது. செங்கோட்டையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. தோள்பட்டை எலும்பும் முன்கை எலும்பும் முறிந்திருந்தன, வேறு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவளால் சாப்பிட முடியவில்லை. சுவாமிதாஸ் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். எல்லாரும் பிழைச்சாச்சே, இன்னும் என்ன என்று கேட்டார். பன்னிரண்டு வாசலைப் பார்த்தவள் ஜன்னலைப் பார்க்கவில்லையே என்றாள். அவர் கஞ்சிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

விசாரணை வந்தது. விதியில்லாமல் சிக்னலை நிறுத்தச் சொன்னது ஏன், பயணிகளை வாசலில் உட்கார வைத்தது ஏன் என்று இரண்டு தடவை எழுத்தில் பதில் கேட்டார்கள். அவள் நடந்ததை நடந்தபடி எழுதினாள், ஜன்னலை மறந்ததையும் சேர்த்து. அதை எழுத வேண்டாம் என்று சங்கத்துக்காரர்கள் சொல்லியும் எழுதினாள். ஸ்ரீப்ரியா தன் பதிலில், சேச்சி சொல்லவில்லையென்றால் நான் பச்சை கொடுத்திருப்பேன் என்று ஒரே வரி எழுதியிருந்தாள். மூன்று மாதம் கழித்து நடவடிக்கை இல்லை என்று கடிதம் வந்தது. அதற்கு முன்பே, பொங்கலுக்குள், ஆனைக்கல்லில் அந்த விளிம்பு முழுக்க இரும்பு வேலி போட்டார்கள். நீள வண்டிகள் அங்கே நிற்பதானால் கடைசிப் பெட்டிகளுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

பங்குனியில் லிங்கராஜ் கட்டுப் பிரித்த கையோடு கரமனை வீட்டைத் தேடி வந்தார். மனைவி விஜயமும் கூட வந்திருந்தார். காப்பி குடித்தார்கள். கிளம்பும்போது லிங்கராஜ் தயங்கி நின்று கேட்டார்.

"மேடம், அன்னைக்கு நீங்க என்னைத் திட்டவே இல்லையே, ஏன்?"

ஞானபாய் யோசித்தாள். "எனக்கும் பயமாத்தான் இருந்துது. உங்க இடத்துல இருந்தா நானும் ஜன்னல் வழியாச் சாடிக் குதிச்சிருப்பேன்" என்றாள்.

வெள்ளையடிக்க வேண்டிய சுவர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.